நாலத்தனை

“ஆண்டவர் என்னை மன்னித்துவிட்டார்.” சபையில் சாட்சி சொல்ல எழுந்து நின்று நானும் இப்படிச் சொல்லியிருக்கிறேன். தொண்டை அடைக்க, கண் கலங்கச் சொன்னேன். கேட்டவர்கள் அல்லேலூயா என்றார்கள். “யாருக்குத் தப்பு செய்தீர்கள்? அந்த ஆளைப் போய்ப் பார்த்தீர்களா?” என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே மாட்டியிருப்பேன்.

விஷயம் இதுதான். பல வருஷங்களுக்கு முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் கணக்கு ஒன்று உதைத்தது. தப்பாகப் பதிந்தது நான். சந்தேகம் விழுந்தது என்னைவிட வயதில் சிறியவர் ஒருவர்மேல். அவர்தான் செய்தார் என்று நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. சும்மா இருந்தேன், அவ்வளவுதான். அந்தச் சும்மா போதுமானதாக இருந்தது. இரண்டு மாதத்தில் அவரே வேலையை விட்டுப் போய்விட்டார். நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு முழங்கால்போட்டு அழுதேன். மனசு லேசானது. அந்த லேசைத்தான் மன்னிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது எனக்குக் கைகொடுத்த வசனம் 51ஆம் சங்கீதம். “தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து…” பார்த்தீர்களா, தாவீதே சொல்கிறார், ஆண்டவர் ஒருவருக்கே என்று! அப்படியானால் விஷயம் எனக்கும் அவருக்கும் நடுவில். மூன்றாம் ஆளுக்கு அங்கே என்ன வேலை? வேதவசனத்தைக் குடையாகப் பிடித்துக்கொள்வதில் நம்மை மிஞ்ச ஆளில்லை.

ஆனால் அந்தச் சங்கீதத்தின் தலைப்பையும் படிக்க வேண்டும். நாத்தான் தீர்க்கதரிசி வந்து போன பிறகு பாடியது அது. தாவீது ராஜா தன் படைவீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, அவனையும் சாகவைத்திருந்தார். அதற்காக வந்த நாத்தான் அவரிடம் ஒரு கதை சொன்னார். பணக்காரன் ஒருவன், ஏழை ஆசையாய் வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்துச் சமைத்துவிட்டான் என்று. கதையில் வருவது தான்தான் என்று தெரியாமல் ராஜா கொதித்துப் போய்த் தீர்ப்புச் சொன்னார்: “அந்த ஆட்டுக்குட்டிக்காக நாலத்தனை திரும்பச் செலுத்தவேண்டும்.” யாத்திராகமம் 22இல் உள்ள சட்டம் அது. ஆட்டைத் திருடி அடித்தோ விற்றோ விட்டால், ஒன்றுக்கு நான்கு. தாவீதுக்குச் சட்டம் நன்றாகத் தெரியும். ஆனால் உரியா செத்துப்போயிருந்தான். நாலத்தனை கொடுக்க வாங்குகிறவன் இல்லை. அந்தப் பாட்டில் உள்ள அழுகை எனக்கு இப்போது வேறு மாதிரி கேட்கிறது. திருப்பிக் கொடுக்க இனி வழியே இல்லாதவனின் அழுகை அது. ஆள் உயிரோடு, தொலைபேசி எண்ணோடு இருக்கும்போது அதைக் கடன் வாங்கிப் பாடினேனே, அதுதான் என் திருட்டு.

அதே “நாலத்தனை” லூக்கா 19இல் மறுபடி வருகிறது. வரி வசூலிக்கிற சகேயு. இயேசுவைப் பார்க்க அவன் மரத்தில் ஏறிய கதையை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். மரத்திலிருந்து இறங்கிய பிறகு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்புகிறேன் என்று அவன் போட்ட கணக்கை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. தானாக முன்வந்து குற்றத்தை ஒத்துக்கொள்கிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்கிறது லேவியராகமம் 6. சகேயு அந்தச் சலுகையைக் கேட்கவில்லை. ஆடு திருடியவனுக்கு உள்ள தண்டனையைத் தனக்குத் தானே போட்டுக்கொண்டான். அதுவும் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்கென்று ஒதுக்கிய பிறகு. வரி வசூலித்தவனுக்குக் கூட்டல் தெரியாதா என்ன?

இங்கே ஒரு மறுப்பு வரும். வரவேண்டிய மறுப்புதான். “கிருபையினாலே இரட்சிப்பு. நீங்கள் கிரியையைக் கொண்டுவந்து நுழைக்கிறீர்கள்.” இல்லை. வரிசையைப் பாருங்கள். “இன்று நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்” என்று இயேசு முதலில் சொல்லிவிட்டார். சகேயு அப்போது ஒரு காசுகூடத் திருப்பவில்லை. பந்தம் முதலில் வந்தது, பணம் பிறகு போனது. காசைக் கொடுத்து அவன் இரட்சிப்பை வாங்கவில்லை. ஆனால் அந்தப் பணத்தை இனி வீட்டில் வைத்துக்கொள்ள அவனால் முடியவில்லை. 1937இல் ஜெர்மன் இறையியலாளர் போன்ஹோஃபர் “மலிவான கிருபை” என்று எழுதியது இந்த இரண்டாம் பகுதியை வெட்டிவிட்ட கிருபையைத்தான். கிருபையின் பெயரைச் சொல்லி, எடுத்ததைத் தானே வைத்துக்கொள்கிறவனுக்கு அந்தச் சொல்லில் என்ன பங்கு?

லேவியராகமத்தில் இன்னொன்று. உரியவனுக்குக் கொடுத்த பிறகுதான் ஆட்டுக்கடாவைப் பலியாகக் கொண்டுவர வேண்டும். இயேசு மத்தேயு 5இல் சொல்வதும் இதே வரிசை. பலிபீடத்தின் முன்னால் காணிக்கையோடு நிற்கிறாய், அங்கே “உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று” நினைவு வருகிறது. காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்கிறார். அவன்மேல் உனக்கு உள்ள குறை அல்ல, உன்மேல் அவனுக்கு உள்ள குறை. பத்து வருஷம் இந்த வசனத்தைத் தலைகீழாகப் படித்திருக்கிறேன். யார்மேலும் எனக்குக் கசப்பு இல்லை, ஆகவே திருவிருந்தில் கைநீட்டலாம் என்று. என்மேல் யாருக்கு என்ன என்பது கேள்வியாகவே வரவில்லை.

பழைய திருச்சபைக்கு இது தெரிந்திருந்தது. ஆதித் திருச்சபையின் போதனை நூலான தீதகேயில், சண்டையில் இருக்கிறவர்கள் ஒப்புரவாகும்வரை கூடிவர வேண்டாம் என்று இருக்கிறது. திருடியதைத் திருப்பிக் கொடுக்க முடிந்தும் கொடுக்காதவனுக்குப் பாவம் மன்னிக்கப்படுவதில்லை என்று மக்கேதோனியு என்ற ரோம அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில் ஆயர் அகுஸ்தீன் முகத்துக்கு நேரே சொல்கிறார். ஆங்கிலிக்கன் சபையின் 1662 பொது ஜெபப் புத்தகத்தில் ஒரு குறிப்பு உண்டு: அயலானுக்கு அநியாயம் செய்தது ஊரறிந்த ஆளை, அவன் ஈடு செய்யும்வரை, குறைந்தது செய்ய முழு மனதாய் இருக்கிறேன் என்று அறிவிக்கும்வரை, குருவானவர் திருவிருந்துக்குச் சேர்க்கக் கூடாது. கத்தோலிக்கர்களின் மறைக்கல்வி நூலும், பாவசங்கீர்த்தனத்தில் கிடைக்கும் மன்னிப்பு பாவத்தை எடுக்கும், பாவம் உண்டாக்கிய சேதத்தையெல்லாம் சரிசெய்யாது என்கிறது. எத்தனையோ விஷயத்தில் அடித்துக்கொள்ளும் சபைகள் இதில் ஒரே பக்கம் நிற்கின்றன. நடைமுறையில் மறந்துபோனதிலும் ஒரே பக்கம்தான்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். அநியாயம் பட்டவரிடம் மட்டும் நமக்கு நிறைய வசனம் இருக்கிறது. “ஏழெழுபதுதரம் மன்னி.” “கசப்பை வைத்துக்கொண்டு ஜெபித்தால் கேட்கப்படாது.” அடித்தவனிடம் போய், எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தாயா, சொன்ன பொய்யைச் சொன்ன இடத்திலேயே திருத்தினாயா என்று எத்தனை போதகர்கள் கேட்கிறார்கள்? மன்னிப்பு என்ற சுமையை, ஏற்கெனவே சுமக்கிறவன் தலையிலேயே ஏற்றுகிறோம். அவன் தயங்கினால், குற்றவாளிகூட அவன்தான் என்று ஆகிவிடுகிறது.

பணமென்றால் எளிது. எண்ணிக் கொடுத்துவிடலாம். உறவினரே இல்லாமல் ஒருவர் செத்துப்போனால் என்ன செய்வது என்பதற்குக்கூட எண்ணாகமம் 5 வழி சொல்கிறது. பேரைக் கெடுத்தது, வாய்ப்பைக் கெடுத்தது, சும்மா இருந்தது, இதற்கெல்லாம் ஐந்தில் ஒரு பங்கை எப்படிக் கணக்கிடுவது? எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் சொல்வேன்: எல்லா இடத்திலும் நேரில் போய் நிற்பது சரியில்லை. நம் முகத்தைப் பார்த்தாலே நடுங்கும் ஒருவரிடம், நம் மனச்சாட்சி அடங்குவதற்காகப் போய் நிற்பது இரண்டாவது அநியாயம். அங்கே மூன்றாம் ஒருவர் வழியாகச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு விலகியிருப்பதே மரியாதை.

என் விஷயத்தில் அந்தப் பயம் இல்லை. வெட்கம்தான் இருந்தது. கடைசியில் போனேன். பேச என்னவெல்லாமோ தயார் செய்து வைத்திருந்தேன், மனஸ்தாபம், கிருபை, சிலுவை. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். “சரி அண்ணா, இதை என்னிடம் ஏன் சொல்கிறீர்கள்? நான் செய்யவில்லை என்று எனக்குத்தான் அப்போதே தெரியுமே. தெரியாதவர்களிடம் சொல்லுங்கள்.”

தேவனிடம் சொன்னேன். சபையில் சொன்னேன். அவரிடமும் சொன்னேன். தெரிய வேண்டியவர்களை மட்டும் விட்டுவிட்டேன்.

அப்போது கூட வேலை பார்த்த ஆறு பேரின் முகவரியைத் தேடிப் பிடித்து எழுதினேன். தப்பு என்னுடையது, அவருடையது அல்ல, எனக்கு அது தெரிந்திருந்தது என்று. முதல் வரைவில் “ஆண்டவர் என்னை உணர்த்தினார்” என்று ஒரு வரி இருந்தது. அடித்துவிட்டேன். அந்தக் கடிதத்தில் எனக்கு நல்ல பேர் வாங்கித் தரும் ஒரு வரியும் இருக்கக் கூடாது என்று தோன்றியது. இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் “இப்போது எதற்கு இதெல்லாம்” என்றார். இன்னொருவர், “நான் அவனைப் பற்றி வேறு இரண்டு இடத்தில் சொல்லியிருந்தேன்” என்று மட்டும் எழுதியிருந்தார்.

அந்த இரண்டு இடம் எது என்று அவரிடம் கேட்டிருக்கிறேன்.