முடக்கில் நிற்கிற கெப்புக்கு ஐடிலைக் கூட்டுவதா மருந்து?

பழைய கெப் (பிக்கப்), முடக்கில் திரும்பும்போது எஞ்சின் நிற்கிறது என்று சொன்ன உடனே ஸ்குரூ டிரைவரை எடுத்து ஐடிலை, அதாவது எக்சிலேற்றரை மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகத்தை, கூட்டிவிடும் பழக்கத்தை மெக்கானிக்மார் முதலில் நிறுத்த வேண்டும். நிமிடத்துக்கு 750 தடவை சுற்ற வேண்டிய எஞ்சினை 1200-க்கு ஏற்றிவிட்டு, "இனி நிக்காது, கொண்டு போங்கோ" என்று அனுப்புவது திருத்த வேலையே இல்லை. அடுத்த கிழமை திரும்ப நிற்கும். அப்போது பெற்றோல் பம்ப் மாற்றுவார்கள். பிறகு பொறிக்குக் கரண்ட் கொடுக்கும் கொயில். பிறகு பெற்றோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேற்றரைக் கழற்றிக் கழுவுவார்கள். ஒவ்வொன்றுக்கும் சாமான் காசு, கூலி வேறு. "எந்தப் பக்கம் ஒடிக்கேக்க நிக்குது? தாங்கியில எவ்வளவு எண்ணெய் இருந்தது?" என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.

இதில் உயிர் இருக்கிறது ஐயா. நாங்கள் இடப்பக்கம் ஓடுகிற ஆட்கள். வலப்பக்கம் திரும்புவதென்றால் எதிரே வருகிறவனுக்குக் குறுக்கே போக வேண்டும். திருகோணமலை அநுராதபுரச் சந்தியில், பின்னால் ஐஸ் பெட்டியும் மீனுமாக, பாதித் திருப்பத்தில் எஞ்சின் நின்றால் ஸ்ரியரிங் கல்லாகிவிடும். பிரேக் பூஸ்டரில் மிஞ்சியிருக்கும் வெற்றிடம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் காணும். அதற்குப் பிறகு முழுப் பாரமும் காலில்தான்.

சோதனையை இப்படித் தொடங்குங்கள். கெப்பைச் சமதரையில் நிறுத்துங்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறி ஐடிலில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், கியர் நியூட்ரலில், ஏசி ஓவ். ஸ்ரியரிங்கை மெதுவாக இடப்பக்கம் கடைசி வரை ஒடியுங்கள், பிறகு வலப்பக்கம். கடைசியில் 5 செக்கனுக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள், பம்ப் கெட்டுப்போகும். இப்படி நின்ற இடத்திலேயே எஞ்சின் சுற்று விழுந்து நின்றால் பெற்றோல் பம்பைத் தொட வேண்டிய தேவையே இல்லை. முழுதாக ஒடித்த நிலையில் ஸ்ரியரிங் பம்ப் எண்ணெயை ஆகக்கூடிய அழுத்தத்தில் தள்ளுகிறது. அந்தப் பாரத்தை ஐடிலில் நிற்கும் எஞ்சின் இழுக்க வேண்டும். இழுப்பதற்கு உதவியாகத்தான் ஹைலக்ஸ் 22ஆர் போன்ற பழைய பெற்றோல் எஞ்சின்களில், ஸ்ரியரிங் பம்பில் இரண்டு மெல்லிய ஹோஸ் பூட்டிய சின்ன வால்வு ஒன்று வைத்திருக்கிறான். அழுத்தம் ஏறும்போது அது திறந்து கொஞ்சம் காற்றை உள்ளே விட்டு எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும்.

அந்த ஹோஸ்களில் ஒட்டடையோ அடைப்போ வெடிப்போ இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் மிகக் குறைவு. சிலர் "உது தேவையில்லை" என்று ஹோஸைக் கழற்றி ஆணி அடித்து அடைத்தும் விடுகிறார்கள்! காற்று எடுக்கும் பக்கத்து ஹோஸைக் கழற்றி விரலால் மூடிப் பாருங்கள். சில்லு நேராக இருக்கும்போது உறிஞ்சக் கூடாது. கடைசி வரை ஒடிக்கும்போது உறிஞ்ச வேண்டும். நேராக இருக்கும்போதே உறிஞ்சினால் வால்வு மூடுவதில்லை. ஒடித்தும் உறிஞ்சாவிட்டால் அது திறப்பதில்லை. ஹோஸுக்குள் எண்ணெய் ஈரம் இருந்தால் வால்வு உள்ளே கிழிந்து ஸ்ரியரிங் எண்ணெய் எஞ்சினுக்குள் போகிறது. புகையும் வரும், எண்ணெயும் குறைந்துகொண்டே போகும். இதைப் பார்த்துவிட்டு பிஸ்ரன் ரிங் போய்விட்டது என்று எஞ்சினை இறக்கச் சொல்கிறவர்களை என்னவென்று சொல்வது?

நின்ற இடத்தில் ஒன்றும் இல்லை, ஓட்டத்தில் வேகமாக வளைக்கும்போதுதான் நிற்கிறதா? அப்படியென்றால் எப்படி நிற்கிறது என்று கவனியுங்கள். முக்கி இழுத்து, இருமி நின்றால் எரிபொருள் (பெற்றோல், டீசல்) பக்கம். சுவிட்சை அணைத்தது போல வெட்டி நின்று, கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே ஆர்பிஎம் முள் பூச்சியத்துக்கு விழுந்தால் கரண்ட்.

எரிபொருள் என்றால் முதல் சோதனைக்குச் சாமானே வேண்டாம். தாங்கியைப் பாதிக்கு மேல் நிரப்பி அதே முடக்கில் ஓடிப் பாருங்கள். நிற்காவிட்டால் பழுது தாங்கிக்குள். இன்றைய விலையில் ஆயிரம் ரூபாய்க்கு அடித்து ஓடுகிறவர்களின் தாங்கியில் அடியில் கொஞ்சம்தான் கிடக்கும். வளைக்கும்போது அது ஒரு பக்கம் ஒதுங்க, உறிஞ்சு குழாய் காற்றை எடுக்கும். துருப்பிடித்த தாங்கிக்குப் பதிலாகத் தகரத்தில் ஒட்டிப் பூட்டுகிற தாங்கிகளில் உள்ளே தடுப்புத் தகடே வைப்பதில்லை. அதைச் செய்து விற்கிறவர்களுக்குக் கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாமா?

கார்புரேற்றர் வண்டி நின்ற உடனே எயர் கிளீனர் மூடியைத் திறந்து, எஞ்சின் ஓவ்வில் எக்சிலேற்றரை இழுங்கள். பெற்றோல் பீய்ச்சினால் கார்புரேற்றர் கிண்ணத்தில் பெற்றோல் இருக்கிறது. கிண்ணத்துக் கண்ணாடியில் மட்டம் நடுக் குறியில் நிற்க வேண்டும். மேலே என்றால் வளைக்கும்போது வழிந்து மூழ்கடிக்கும், கீழே என்றால் பெற்றோல் வரும் சிறு துளையான ஜெற் காய்ந்துவிடும். மூழ்கிய எஞ்சின் பெடலை முழுதாக மிதித்து ஸ்டார்ட் அடித்தால் பிடிக்கும்.

இன்ஜெக்‌ஷன் உள்ள 22ஆர்-ஈயில் இன்னொன்று. உள்ளே போகும் காற்றை அளக்கும் எயர் புளோ மீற்றருக்கும், காற்றைத் திறந்து மூடும் துரொட்டிலுக்கும் இடையில் உள்ள மடிப்பு ரப்பர் குழாயின் மடிப்புகளை விரித்துப் பாருங்கள். எஞ்சின் மவுண்ட் தேய்ந்து எஞ்சின் ஆடும்போது வெடிப்பு வாய் திறக்கும். காற்று மீற்றரைச் சுற்றி உள்ளே போக, மீற்றரின் மடல் விழும். பெற்றோல் பம்புக்குக் கரண்ட் கொடுக்கும் தொடர்பு அந்த மடலில்தான் இருக்கிறது. பம்ப் நின்றுவிடும். புதுப் பம்ப் போட்டாலும் அதே கதிதான்.

கரண்ட் என்றால் எங்கள் ஊரில் முதல் எதிரி உப்பு. கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றுகிற வண்டிகளில் உப்புத்தண்ணீர் வடிந்து எர்த் வயர் பச்சை பூத்துக் கிடக்கும். லைட்டைப் போட்டு எஞ்சினை ஓடவிட்டு, பற்றரி நெகற்றிவுக்கும் எஞ்சின் புளொக்குக்கும் இடையில் வோல்ற்றை அளந்து பாருங்கள். 0.2 வோல்ற்றுக்கு மேல் வந்தால் எர்த்தைக் கழற்றிச் சுரண்டிப் பூட்டுங்கள். பற்றரி ஆடாமல் இறுக்கமாக இருக்கிறதா? திறப்புக் கொத்தை ஆட்டும்போது நிற்கிறதா? பிறகு கொயிலின் பொசிற்றிவிலிருந்து பியூஸ் போட்ட வயர் இழுத்து 12 வோல்ற் பல்ப் ஒன்றை டாஷ்போர்ட்டில் தொங்கவிட்டு ஓடுங்கள். பல்ப்பை மற்றவர் பார்க்கட்டும், ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்க்கட்டும். எஞ்சின் வெட்டும்போது பல்ப்பும் அணைந்தால் சுவிட்ச், பியூஸ், வயர். பல்ப் எரிந்தபடி எஞ்சின் நின்றால் டிஸ்ரிபியூற்றர் பக்கம்.

டீசல் கெப் என்றால் இன்ஜெக்டர் பம்பின் தலையில் உள்ள நிறுத்து சொலினொயிட்டுக்கு (டீசலை வெட்டும் மின் வால்வு) போகும் ஒற்றை வயரை ஆட்டிப் பாருங்கள். வளைவில் அது விலகினால் அந்தக் கணமே எஞ்சின் சாகும். வயர் நல்லதென்றால் பம்புக்கு முன்னால் உள்ளே தெரிகிற பிளாஸ்ரிக் குழாய் ஒரு துண்டு போட்டுக் குமிழி வருகிறதா என்று பாருங்கள், தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தை வடியுங்கள்.

இவ்வளவையும் பார்க்க அரை நாள் போதும். பார்க்காமல் சாமான் மாற்றச் சொன்னால், எந்தச் சோதனையில் அது பழுதென்று கண்டார்கள் என்று கேளுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்குங்கள். பதில் சொல்ல முடியாதவரிடம் வண்டியை விடாதீர்கள்.