ஆப்ஷன் ஈ

(மாமாவின் ஜெராக்ஸ் கடை. அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்கு, கோச்சிங் சார் கொடுத்த நோட்டில் மருமகன் கேள்விகளைப் போட்டுப் பார்க்கிறான்.)

மாமா: அத்தையா? இன்னொரு தடவை படி.

மருமகன்: "கமலாவின் தம்பி மோகன். மோகனின் மனைவி, கமலாவின் மகனுக்கு என்ன உறவு?" அம்மாவின் தம்பி மனைவி. அத்தை. ஆப்ஷன் சி.

மாமா: கமலா என்பது உன் அம்மா என்று வைத்துக்கொள். மோகன் நான். என் மனைவி உனக்கு யார்?

மருமகன்: ...அக்கா.

மாமா: அப்புறம் ஏன் சி-யைக் கறுப்படித்தாய்?

மருமகன்: அது நம் வீடு மாமா. இது கேள்வி.

மாமா: நம் வீடும் கடலூரில்தானே இருக்கிறது? அக்கா மகளைக் கட்டியவன் நம் தெருவிலேயே நான் மூன்றாவது ஆள். கேள்வி எடுத்தவர் எந்த ஊர்?

மருமகன்: 1955-ஆம் வருடத்து இந்துத் திருமணச் சட்டத்தில் இது தடை செய்த உறவு மாமா. வழக்கம் இருந்தால்தான் செல்லும்.

மாமா: இதை எங்கே படித்தாய்?

மருமகன்: பொது அறிவுக்குப் படித்தேன்.

மாமா: பார்லிமென்டே பார்த்து விட்டுக்கொடுத்த கல்யாணம். உங்கள் கோச்சிங் சார் ஒத்துக்கொள்ள மாட்டாரா?

மருமகன்: உணர்ச்சிவசப்படாதீர்கள். சார் சொன்ன முறையில் போட்டுக் காட்டுகிறேன். ஆணுக்குப் பிளஸ், பெண்ணுக்கு மைனஸ். உடன்பிறந்தவர்களுக்குப் படுத்த கோடு. ஒரு தலைமுறை இறங்கினால் செங்குத்துக் கோடு. கணவன் மனைவிக்கு இரட்டைக் கோடு.

(மெஷினில் சிக்கிக் கசங்கிய தாள் ஒன்றின் பின்பக்கத்தில் வரைகிறான். மேல் வரிசையில் அம்மா, பக்கத்தில் மாமா. கீழ் வரிசையில் அவன், அவனுக்குப் பக்கத்தில் இடம் விட்டு அக்கா. வரைந்த வரைக்கும் நோட்டில் இருப்பது போலவே அழகாகத்தான் இருந்தது.)

மாமா: இப்போது எனக்கும் உன் அக்காவுக்கும் அந்த இரட்டைக் கோட்டைப் போடு.

மருமகன்: மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசைக்கு... சாய்வாக வருகிறது.

மாமா: உன் பிளஸ் மேலேயே ஏறிப் போகிறதே!

மருமகன்: உங்கள் கல்யாணத்தில் நான்தானே மாப்பிள்ளைத் தோழன். அன்றைக்கும் குறுக்கேதான் நின்றேன்.

மாமா: சரி, பாப்பாவை எந்த வரிசையில் போடுவாய்?

மருமகன்: உங்களுக்குக் கீழே போட்டால் என் வரிசை. அக்காவுக்குக் கீழே போட்டால் அதற்கும் அடுத்த வரிசை.

மாமா: நான்கு வயதுக் குழந்தை. உன் தலை தெரிந்தால் போதும், மாமா என்று ஓடி வருகிறாள். பிளஸ் போட்டாளா, மைனஸ் போட்டாளா?

மருமகன்: பாப்பாவுக்கு நேரம் இருக்கிறது. குரூப் 4-இல் 200 கேள்வி, 3 மணி நேரம். கேள்விக்கு 54 விநாடி. இந்த ஒரு கோட்டுக்கே பத்து நிமிஷம் போய்விட்டது. விடுங்கள், ஈ போட்டுவிடுகிறேன்.

மாமா: ஈ-யா?

மருமகன்: ஏ, பி, சி, டி, அப்புறம் ஈ. ஈ என்றால் விடை தெரியவில்லை. தெரியாவிட்டால் சும்மா விடக் கூடாது, அந்தக் கட்டத்தைக் கறுப்படிக்க வேண்டும்.

மாமா: தெரியாது என்பதற்கே தனிக் கட்டமா? நல்ல குடும்பம்டா நம்முடையது. எல்லாரும் நோட்டைப் போனிலேயே பிடிஎஃப்பாகப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து நான் இங்கே உட்கார்ந்து ஈ ஓட்டுகிறேன். நீ பரீட்சை ஹாலில் உட்கார்ந்து ஈ ஓட்டப் போகிறாய்.

மருமகன்: உறவுமுறையே வேண்டாம். பஸ் கணக்குப் போடுகிறேன். "கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு 48 பயணிகளுடன் ஒரு பேருந்து கிளம்புகிறது..."

மாமா: புதுச்சேரி எல்லையில் பிராந்திக் கடை இருக்கும் முள்ளோடையில் எத்தனை பேர் இறங்கினார்கள்?

மருமகன்: அது கேள்வியில் இல்லை.

மாமா: அப்படியென்றால் அது புதுச்சேரி பஸ்ஸே இல்லை. அதற்கும் ஈ ஓட்டு.

(இந்த ஈ ஜோக்கை அவர் அன்று சாயங்காலம் வரை விடவில்லை. மூன்று தடவையோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.)

மருமகன்: நோட்டைக் கொடுங்கள் மாமா.

மாமா: இரு, 14-ஆவது கேள்வி. 60 காப்பி போட்டுக் கொடுத்தேன், இப்போதுதான் கண்ணில் படுகிறது. "ஒரு புகைப்படத்தைக் காட்டி ரவி, 'இவர் என் தந்தையின் சகோதரர்' என்றான். அவர் ரவிக்கு என்ன உறவு?" விடை, மாமா. அப்பாவோடு பிறந்தவர் எப்படிடா மாமா ஆவார்?

மருமகன்: சித்தப்பா. இல்லை என்றால் பெரியப்பா. ஆங்கிலத்தில் அங்கிள் என்று இருந்திருக்கும், சார் அப்படியே தமிழாக்கியிருப்பார். அவர்களுக்கு எல்லாரும் அங்கிள்தான்.

மாமா: அவர் மாமா என்றால் அவர் மகள் ரவிக்கு முறைப்பெண். போய்ப் பெண் கேட்கச் சொல். செருப்பு எந்தத் திசையிலிருந்து வரும் என்பதையும் கண்டுபிடிக்கட்டும். திசைக் கணக்கும் இதே நோட்டில்தானே இருக்கிறது?

மருமகன்: நோட்டை விடுங்கள். நிஜ வினாத்தாளிலேயே போட்டிருப்பார்கள் மாமா, சந்தேகம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்று.

(மாமா எழுந்து போய் மெஷினை அணைக்கிறார்.)

மாமா: தமிழில் நாற்பது சதவீதம் வாங்கவில்லை என்றால் மற்றப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள் என்று நீதானே சொன்னாய்?

மருமகன்: ஆமாம். 150-க்கு 60.

மாமா: உள்ளே போவதற்குத் தமிழ் வேண்டும். உள்ளே போனபின் எனக்கு நீ யார் என்று கேட்டால், தீர்ப்பு இங்கிலீஷில். அப்படித்தானே?

மருமகன்: எனக்கு 1.5 மார்க் வேண்டும் மாமா. அதற்காக அக்காவை 54 விநாடிக்கு மட்டும் அத்தை என்று சொல்கிறேன். அவளிடம் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

மாமா: 14-க்கும் அப்படித்தானா? சித்தப்பாவை மாமா என்பாயா?

மருமகன்: சார் டெஸ்டில் மாமா. பரீட்சையில் வந்தால் ஆங்கிலத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். பசிக்கிறது. அக்கா என்ன கொடுத்து அனுப்பியிருக்கிறாள்?

மாமா: அக்காவா?

மருமகன்: சாப்பாட்டு நேரத்தில் அக்காதான்.

(டிபன் கேரியரைத் திறக்கிறான். நெத்திலிக் குழம்பு. வாசனைக்கு எங்கிருந்தோ ஒன்று பறந்து வந்து மூடியின் விளிம்பில் உட்கார்ந்து முன்கால்களைத் தேய்க்கிறது.)

மாமா: ம், ஓட்டு.

மருமகன்: நீங்கள் ஓட்டுங்கள். கடை உங்களுடையது.