ரெண்டாவது டிஸ்க் எங்கே?

மூணாவது 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' 2003-இல் தியேட்டருக்கு வந்தபோது 201 நிமிடம். அடுத்த வருஷம் வந்த நீண்ட டிவிடி பதிப்பு சுமார் 250 நிமிடம். படமே ரெண்டு டிஸ்க்கில் பாதி பாதியாக இருக்கும்; மீதி ரெண்டு டிஸ்க் படம் உருவான கதை.

குன்னூரில் ஐப்பசி மழைக்குச் செருப்பே பூஞ்சணம் பூக்கும். அந்த டிவிடி பெட்டியை மட்டும் துணியில் சுற்றி பீரோவில் வைத்துக் காப்பாற்றினேன். சித்தி பையன் கேட்டான், கொடுத்தேன். நாலு டிஸ்க் போய் மூணு திரும்பியது.

"கதைதான் தெரியுமேண்ணா, விடுங்க" என்கிறான். கதைக்காகவா ஒவ்வொரு மழைக்கும் பார்க்கிறேன்? தியேட்டரில் வெட்டிய, வில்லன் மந்திரவாதி சாருமான் சாவு முதல் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது. மோதிரம் எரிமலையில் விழும் பாதிதான் இல்லை! ஒற்றை டிஸ்க்கை எந்தக் கடையில் போய்க் கேட்பேன்? தேடிப் பார்க்கக்கூட மாட்டேன் என்கிறான். வயிறு எரிகிறது.