அப்பா நாலு ராத்திரி ஆஸ்பத்திரியில் இருந்தார், ஆனால் அட்மிட் ஆகவில்லையாம்

2025 ஜனவரியில், நியூ ஜெர்சியில் எங்கள் வாசல் பனியில் அப்பா வழுக்கி விழுந்தார். வயது 81. இடுப்பெலும்பில் விரிசல். ஆபரேஷன் வேண்டாம், வலியை அடக்கி மெல்ல நடக்க வைத்தால் போதும் என்றார்கள். ஐந்தாம் நாள் காலை கேஸ் மேனேஜர் வந்தார். "ரீஹாபுக்கு அனுப்பலாம், ஆனால் மெடிகேர் பணம் தராது. இவர் அட்மிட் ஆகவே இல்லை, அப்சர்வேஷனில்தான் இருந்தார்." மெடிகேர் என்பது இங்கே முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு. அப்சர்வேஷன் என்றால், அட்மிட் செய்யாமலே ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனிப்பது.

நாலு ராத்திரி! கட்டில், கையில் பட்டை, டிரிப்ஸ், தினமும் வந்து பார்த்த டாக்டர். அப்புறம் எதைத்தான் அட்மிஷன் என்பது?

நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் சின்ன ஆஸ்பத்திரி. இங்கே ரீஹாப், அதாவது ஸ்கில்டு நர்சிங் என்பது, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரை நர்ஸும் தெரபிஸ்ட்டும் தேற்றி வீட்டுக்கு அனுப்பும் இடம். மெடிகேரில் ஆஸ்பத்திரிச் செலவைப் பார்க்கும் பகுதியான பார்ட் ஏ அதற்கு 100 நாள் வரை தரும். முதல் 20 நாள் முழுவதும் அவர்கள் செலவு. அதற்கு மேல் நம் பங்கு, 2025 கணக்கில், நாளுக்கு 209.50 டாலர். ஆனால் அதற்கு முன்னால் தொடர்ந்து 3 நாள் இன்பேஷண்டாக, அதாவது முறைப்படி அட்மிட் ஆனவராக, இருந்திருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும் நாள் சேராது. எமர்ஜென்சியில் கிடந்த நேரமும் அப்சர்வேஷன் நேரமும் சேராது.

அப்சர்வேஷன் 24 மணி நேரத்தைத் தாண்டினால் அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். தெரிவித்திருக்கிறார்கள். இரண்டாம் நாள் ராத்திரி, கண்ணாடி கூட இல்லாமல் அப்பா கையெழுத்துப் போட்ட தாள் தலையணைக்கு அடியில் நாலாக மடிந்து கிடந்தது. வலி மருந்து மயக்கத்தில் இருப்பவரிடம் வாங்கும் கையெழுத்து ஒரு கையெழுத்தா? முப்பது வருஷம் சம்பளத்தில் மெடிகேர் வரி கட்டியவர் அவர்.

முதலில் இன்பேஷண்ட் என்று பதிந்து பிறகு அப்சர்வேஷனுக்கு மாற்றியிருந்தால் இப்போது அப்பீல் செய்ய வழி இருக்கிறது. அப்பாவை ஒருமுறைகூட இன்பேஷண்டாகப் பதியவே இல்லை என்பதால் அந்த வழியும் அடைபட்டது. கொரோனா காலத்தில் இந்த 3 நாள் நிபந்தனையைத் தளர்த்தியிருந்தார்கள்; 2023 மே மாதம் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். அப்போது முடிந்தது இப்போது ஏன் முடியாது? படுத்த ராத்திரியை ராத்திரியாக எண்ணுங்கள் என்றுதானே கேட்கிறோம்.

பெற்றோரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் முதல் நாளே டாக்டரிடம் கேளுங்கள்: "இன்பேஷண்டா, அப்சர்வேஷனா?" மறுநாளும் கேளுங்கள், நடுவில் மாற்றுவார்கள். தனியார் கம்பெனி நடத்தும் மெடிகேர் பிளானான அட்வாண்டேஜ் பிளான் வைத்திருப்பவர்களுக்கு விதி வேறாக இருக்கலாம், பிளானுக்கே போன் போட்டுக் கேளுங்கள்.

ரீஹாபில் 18 நாள், எங்கள் கைக்காசு. அப்பா இப்போது வாக்கர் இல்லாமல் தபால் பெட்டி வரை போய் வருகிறார். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் எங்கள் தொகுதி உறுப்பினருக்கு நான் எழுதிய கடிதத்தை நேற்று அதில் போட்டுவிட்டு வந்தவர் அவர்தான். உள்ளே அந்த மடித்த தாளின் நகலும் இருக்கிறது.