முதல் செலவு ரெகுலேட்டர் அல்ல, மாஸ்க்

புதிதாக ஸ்கூபா (முதுகில் காற்று சிலிண்டரோடு நீருக்குள் மூழ்குவது) கற்பவர்கள் முதலில் ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவி) வாங்க வேண்டும் என்று கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. இருபது வருடத்துக்கு மேலாக டைவ் செய்கிறேன், முகத்துக்குச் சரியாகப் பொருந்தும் மாஸ்க்கும் ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் ஒரு டைவ் கம்ப்யூட்டரும்தான் முதலில் வேண்டும். மாஸ்க்கைப் பட்டை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள், கையை எடுத்தும் விழாமல் ஒட்டி நின்றால் சரி.

கட்டுரையில் விட்டுப்போன முக்கியமான விஷயம் இது. இறங்கும் முன், சிலிண்டரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று காட்டும் பிரஷர் கேஜைப் பார்த்துக்கொண்டே ரெகுலேட்டரில் நான்கைந்து முறை நன்றாக மூச்சிழுங்கள். முள் ஆடினால் சிலிண்டர் வால்வு முழுதாகத் திறக்கவில்லை என்று அர்த்தம். ஒருமுறை அவசரத்தில் இதை விட்டுவிட்டேன், மேலே தாராளமாக வந்த காற்று 18 மீட்டரில் இழுக்க இழுக்க வரவில்லை, ஏனென்றால் அந்த ஆழத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு காற்று தேவை. கூட வந்தவர் பின்னால் கைவிட்டு வால்வைத் திறந்ததால் தப்பித்தேன். அதனால் கூட்டாளியை விட்டு விலகவே விலகாதீர்கள்.

மேலே வரும்போது மூச்சை அடக்கக் கூடாது. 10 மீட்டரில் இழுத்த காற்று மேற்பரப்பில் இரண்டு மடங்காக விரியும், நுரையீரல் தாங்காது. நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாமல், 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று, சிலிண்டரில் 50 பார் (காற்றழுத்த அளவு) மிச்சத்தோடு வெளியே வாருங்கள். அப்புறம், சளி பிடித்திருந்தால் அன்றைக்கு இறங்க வேண்டாம், கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை.