முப்பது சதவீதம் போனா போகட்டும், கீரையையாவது விடாதீங்க

நேத்து எங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரு அண்ணன் மீம் ஒண்ணு போட்டிருந்தாரு. எச்டிபி (அரசாங்க அடுக்குமாடி வீடு) மொட்டைமாடில ஒரு அங்கிள் நாலு தொட்டில கீரை நட்டு மொத்த சிங்கப்பூருக்கும் சோறு போடப் போறாராம். கீழ ஒரே சிரிப்பு. "நகர விவசாயமெல்லாம் பந்தா, கவர்மெண்டே கைய விரிச்சிருச்சு"னு இன்னொருத்தர். அங்க பதில் எழுதினா ராத்திரி பூரா சண்டை ஓடும், அதனால இங்க எழுதறேன், நீளமாத்தான் இருக்கும், டீ போட்டுட்டு வாங்க.

அவங்க சொல்றதுல பாதி சரிதான். 2019ல ஒரு இலக்கு வச்சாங்க, 2030க்குள்ள நம்ம சத்துத் தேவைல 30 சதவீதத்தை இங்கயே உற்பத்தி பண்ணணும்னு. 2025 நவம்பர்ல அதை எடுத்துட்டு, 2035க்குள்ள நார்ச்சத்துல 20 சதவீதம், புரதத்துல 30 சதவீதம்னு மாத்திட்டாங்க. 2024 கணக்குப்படி நார்ச்சத்து 8ல நிக்குது, புரதம் 26ல. அந்த 8லயும் காய்கறிய மட்டும் தனியா பிரிச்சு, நாம சாப்பிடறதுல எவ்வளவு இங்க விளைஞ்சதுனு பாத்தா வெறும் 3 சதவீதம்தான், முளைப்பயறும் காளானும் சேர்ந்துதான் நம்பர தூக்கி விடுது. ஆக இலக்கை மாத்தினது தப்புனு நான் சொல்ல மாட்டேன். மொத்த நிலத்துல 1 சதவீதம் மட்டும் விவசாயத்துக்கு ஒதுக்கின ஊர் இது, அதுல அரிசியா விளைவிக்க முடியும்?

ஆனா அதுக்காக "எல்லாம் வேஸ்ட்"னு சொல்றீங்க பாருங்க, அங்கதான் எனக்கு ஒத்து வரல.

நாம எப்பெல்லாம் பயந்தோம்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. 2020 மார்ச், மலேசியா கதவை மூடுதுனு செய்தி வந்த ராத்திரி, சூப்பர்மார்க்கெட்ல முட்டை காலி, மேகி காலி, வரிசை வாசல் தாண்டி நின்னுச்சு. 2022 ஜூன்ல மலேசியா கோழி ஏற்றுமதிய நிறுத்தினாங்க, நம்ம கோழில மூணுல ஒரு பங்கு அங்கேந்துதான் வந்துட்டு இருந்துச்சு, ஃப்ரெஷ் கோழி விக்கற கடைக்காரங்க சில பேர் ஷட்டர இறக்கிட்டாங்க. 2023 ஜூலைல இந்தியா பாஸ்மதி இல்லாத வெள்ளை அரிசிக்குத் தடை போட்டுச்சு, அப்ப தேக்கால, அதான் லிட்டில் இந்தியால, பொன்னி அரிசி மூட்டைய ரெண்டு ரெண்டா தூக்கிட்டுப் போனவங்கள எனக்குத் தெரியும், பேர் சொல்ல மாட்டேன், நம்ம குரூப்லயே இருக்காங்க. அதே வருஷம் டிசம்பர்ல வெங்காயத்துக்கும் தடை.

இதுல அரிசி விஷயம் எப்படி அடங்குச்சு? அரிசி கெடாது. இங்க இறக்குமதி பண்றவங்க ரெண்டு மாச இறக்குமதிக்குச் சமமான அரிசிய எப்பவும் கையிருப்புல வச்சிருக்கணும்னு சட்டமே இருக்கு, அது போக இந்தியாகிட்ட தனியா பேசி 50,000 டன் வாங்கிக்கிட்டாங்க. பருப்பும் அப்படித்தான், மூட்டைல கெடக்கும். கோழியக் கூட ஃப்ரீசர்ல போட்டு வைக்கலாம், வேற நாட்டுலேந்து உறைஞ்சத வரவழைக்கலாம். கீரைய? லாரி ரெண்டு நாள் வரலைன்னா கீரை இல்ல, அவ்வளவுதான். மலேசியால கேமரன் மலைலேந்தோ ஜொகூர்லேந்தோ ராத்திரி கிளம்பி பாலம் தாண்டி காலைல வந்து இறங்குது, அத யாராலயும் மூணு மாசம் குடோன்ல வைக்க முடியாது.

என் கட்சி இதுதான். கெடாதத வாங்கி அடுக்கு, கெடறதப் பக்கத்துல வளர். இந்த ஊருக்கு இதுக்கு மேல பெரிய தத்துவம் எதுவும் வேணாம். "மொத்தத்துல எத்தனை சதவீதம்"னு கேக்கறதுனாலதான் அந்த மீம் சிரிப்பா இருக்கு. "லாரி வராத நாள்ல எது இல்லாம போகும், அத எத்தனை நாள்ல நாமளே எடுக்க முடியும்"னு கேட்டுப் பாருங்க. தண்டுக்கீரை, கங்கோங் (தண்ணிக்கீரை) எல்லாம் விதை போட்டு நாலு வாரத்துல பறிச்சிடலாம். இந்த வெயிலுக்கும் மழைக்கும் அதுக்கு ஏசி ரூம் வேணாம், கலர் லைட்டும் வேணாம்.

இதத்தான் சில பண்ணைங்க மறந்துட்டாங்கனு நெனைக்கறேன். கண்ணாடிக் கட்டடத்துக்குள்ள அடுக்கு அடுக்கா தட்டு, ஊதாக் கலர்ல எல்இடி, ஏசி, சென்சார்னு கோடிக்கணக்குல போட்டு என்ன வளத்தாங்க? சாலட்டுக்குப் போடற லெட்யூஸ், கேல் மாதிரி வெள்ளைக்காரன் கீரைங்க. போட்ட காச எடுக்கணும்னா விலை கூடினத்தான் வளக்கணும், அது புரியுது, ஆனா நம்ம பக்கத்து வீட்டு ஆன்ட்டி கேல வாங்கி என்ன பண்ணுவாங்க, பொரியலா? அதுக்கப்புறம் 2021, 22ல கரண்ட் விலை ஏறுச்சு, அதுல பல பேர் கணக்கு அடிபட்டுப் போச்சு, வரிசையா மூடினாங்க. இங்க கரண்ட் கிட்டத்தட்ட முழுசா இயற்கை எரிவாயுலதான் வருது, அந்த எரிவாயுவே வெளியேந்துதான் வருது. அப்ப கீரை இறக்குமதிய நிறுத்திட்டு எரிவாயுவ இறக்குமதி பண்ணி கீரை வளத்த மாதிரி ஆகுது இல்லையா. (இண்டோர் பண்ணைல வேலை பாக்கற தம்பிங்க கோச்சுக்காதீங்க, உங்க உழைப்பச் சொல்லல, கணக்கச் சொல்றேன்.)

முட்டைக்காரங்க புத்திசாலிங்க. மூணே பண்ணை, ஆனா 2024ல நாம தின்ன முட்டைல 34 சதவீதம் அவங்க கொடுத்தது. தீவனம் வெளியேந்து வருதே, அப்ப அதுவும் சார்ந்துதானே இருக்குனு ஒருத்தர் கேப்பாரு, கேக்கட்டும். தீவனம் காஞ்ச சாமான், சேர்த்து வைக்கலாம், முட்டைய அப்படி வைக்க முடியாது. அதோட முட்டை எல்லா வீட்டுலயும் தெனம் ஓடுது, மலாய்க்காரர் சீனர் தமிழர்னு வித்தியாசம் இல்ல, வித்துத் தீந்துடும்.

விக்கறதுனு வந்ததும் நம்ம மேலயும் கொஞ்சம் பழி இருக்கு. ஃபேர்பிரைஸ் சூப்பர்மார்க்கெட்ல உள்ளூர் சாய் சிம் (சீனக் கீரை) பாக்கெட்டும் மலேசியா சாய் சிம் பாக்கெட்டும் பக்கத்துல பக்கத்துல கெடக்கும், மலேசியாது அறுபது காசு கம்மினா கை தானா அந்தப் பக்கம் போகும். என் கையும் போகும், எல்லார் வீட்டுலயும் பட்ஜெட் இருக்கு. ஆனா சும்மா இருக்கற நாள்ல யாரும் வாங்காத பண்ணை கஷ்ட காலத்துல இருக்காது. பண்ணைங்கறது லைட் ஸ்விட்ச் இல்ல, வேணும்ங்கறப்ப தட்டி எரிய வைக்க. அதனால தனி ஆள் மனசாட்சிய நம்பறத விட ஸ்கூல் கேன்டீன், ஆஸ்பத்திரி, ராணுவ முகாம் மாதிரி எடத்துக்கெல்லாம் மாசாமாசம் இவ்வளவு உள்ளூர் கீரைனு ஒப்பந்தம் போட்டுடறது நல்லது. பண்ணைக்காரருக்கும் நாளைக்கு எவ்வளவு விக்கும்னு தெரியும், பேங்க்ல லோன் கேக்கவும் ஒரு பேப்பர் இருக்கும்.

சரி, நம்ம புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) தோட்டத்துக்கு வரேன். தேசியப் பூங்காக் கழகம் 2005ல ஆரம்பிச்ச சமூகத் தோட்டத் திட்டம் இன்னைக்குக் கிட்டத்தட்ட 2,000 தோட்டமா பெருகியிருக்கு. கோவிட் சமயத்துல லட்சக்கணக்கான வீட்டுக்கு விதைப் பாக்கெட் அனுப்பினாங்களே, அதுல எத்தனை முளைச்சுச்சு எத்தனை டிராயர்ல இன்னும் தூங்குதுனு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். இந்தத் தோட்டங்கள்லேந்து வர்ற கீரைய எடை போட்டா நாட்டுக் கணக்குல ஒண்ணுமே இல்ல, ஒத்துக்கறேன். ஆனா அங்க இருக்கற ஆளுங்களப் பாருங்க. எங்க தோட்டத்துல ஒரு ஆன்ட்டி, கம்பத்துல (பழைய கிராமத்துல) வளந்தவங்க, மண்ணக் கைல எடுத்துப் பிசைஞ்சே தண்ணி ஊத்தலாமா வேணாமானு சொல்லிடுவாங்க. எந்தக் கருவேப்பிலைச் செடிக்கு எப்ப நுனி கிள்ளணும், வெண்டைல மாவுப்பூச்சி வந்தா என்ன பண்ணணும், எந்தக் காயப் பறிக்காம முத்த விட்டு விதை எடுக்கணும்னு அவங்களுக்குத் தெரியும். இந்த அறிவ இறக்குமதி பண்ண முடியாது, குடோன்ல அடுக்கவும் முடியாது. ஜப்பான்காரன் காலத்துல அரிசிக்கு அல்லாடினப்ப இந்த ஊர் சனங்க மரவள்ளிக் கிழங்கும் சர்க்கரைவள்ளியும் நட்டுத்தான் வயித்தக் கழுவினாங்க, அப்ப சுத்தி நெலமும் இருந்துச்சு, நடத் தெரிஞ்ச ஆளும் இருந்தாங்க. இப்ப நெலம் இல்ல. ஆளும் இல்லாம போயிட்டா?

இதுல எனக்கு ஒரு குறை இருக்கு. பூங்காவுல தோட்டம் போட வாடகைக்கு விடற பாத்தி, ரெண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர், வருஷத்துக்குச் சுமார் 60 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), விலை ஒண்ணும் பெருசில்ல. ஆனா குலுக்கல்ல விழணும், விழுந்தாலும் 3 வருஷம்தான் குத்தகை. எல்லாருக்கும் வாய்ப்பு கெடைக்கணும், நியாயம்தான், ஆனா மண்ண ஒரு பதத்துக்குக் கொண்டு வரவே ரொம்ப நாள் ஆகுது, கை பழகி நல்லா எடுக்க ஆரம்பிக்கறப்ப எடத்த விட்டுட்டுப் போகணும். பாத்திய இன்னும் நெறையப் போடுங்க, நல்லா பண்றவங்களுக்குக் குத்தகைய நீட்டுங்க, பதிலுக்குப் புதுசா வர்ற ரெண்டு பேருக்குக் கத்துக் கொடுக்கணும்னு கண்டிஷன் போடுங்க. பலமாடி கார்பார்க் கூரையும் இருக்கு, 2019லயே அங் மோ கியோல ஒரு கூரைல வியாபாரப் பண்ணை வந்துச்சு. பாதிக் கூரை காலியா வெயில் காயுது, கீழ்த்தளத்துல எடம் கெடைச்சா மேல யாரு வண்டி விடறாங்க?

காரிடர்ல தொட்டி வைக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. தட்டுல தண்ணி தேங்க விடாதீங்க, டெங்கி கொசு வந்துச்சுன்னா அபராதமும் வரும் பக்கத்து வீட்டு வசவும் வரும். நடக்க 1.2 மீட்டர் வழி விட்டுருங்க. கேல் நடாதீங்க, ப்ளீஸ். பொன்னாங்கண்ணி குச்சி எங்க தோட்டத்துல எக்கச்சக்கமா இருக்கு, ஈசூன் பக்கம் யாருக்காவது வேணும்னா இன்பாக்ஸ் பண்ணுங்க, சனிக்கிழமை காலைல வந்து எடுத்துக்கணும், டெலிவரியெல்லாம் கெடையாது. அந்த மீம் போட்ட அண்ணனுக்கும் ஒரு கட்டு எடுத்து வைக்கறேன்.