உடை மட்டுமா காரணம்?
பாட்டு, நகைச்சுவை, வித்தை எல்லாம் கலந்த பழைய மேடை நிகழ்ச்சியான வாடவில்லில் நொடியில் வேடம் மாற்றிய கலைஞர்களின் வித்தை முழுவதும் தையல்காரரின் கையில்தான் இருந்தது என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்த உடை, ஒரே இழுப்பில் கழன்றுவிடும் முதுகுப்பக்கம், இதெல்லாம் உண்மைதான். ஆனால் இத்தாலியின் லெயோபோல்டோ ஃப்ரெகோலியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண் குரலிலும் பெண் குரலிலும் பாடக்கூடியவர் அவர். உடை மாறும்போது குரல், நடை, தோள் நிற்கும் விதம் எல்லாம் கூடவே மாறின. ஒரே சாயலில் இரண்டு பேர் மாறி மாறி மேடையேறியிருப்பார்களோ என்று அந்தக் கட்டுரைக்கு வந்த கருத்து ஒன்றில் ஒரு வாசகர் சந்தேகப்பட்டிருக்கிறார். அதற்கு ஃப்ரெகோலியே பதில். 1890களின் கடைசியில் லூமியேர் சகோதரர்களின் திரைப்படக் கருவியை வாங்கிப் படம் எடுத்த அவர், உதவியாளர்கள் தனக்கு உடை மாட்டிவிடுவதையே படமாக்கிக் காட்டியிருக்கிறார். ரகசியம் தெரிந்த பிறகும் கூட்டம் குறையாத கலைஞர் அவர். கல்லூரி நாடகம் ஒன்றில் நான் திரைக்குப் பின்னால் உடை மாற்றிவிடும் வேலை பார்த்தேன். பாட்டி வேடத்திலிருந்து போலீஸ்காரியாக மாற ஒரு நிமிடம்கூடக் கிடையாது. உடையைச் சரியாக மாற்றிவிட்டோம், ஆனால் அந்தப் பெண் பாட்டியின் கூன் முதுகோடே மேடைக்குப் போய்விட்டாள். முதல் வரிசைக்கு உடனே புரிந்துவிட்டது. அப்புறம் ஒரு வாரம் முழுக்க நாங்கள் பயிற்சி செய்தது நடையைத்தான். 1927இல் இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள், தன்னைச் சுற்றியிருக்கும் வெவ்வேறு ஆட்கள் உண்மையில் வேடம் மாற்றி வரும் ஓரிருவர்தான் என்று நம்பிய நோயாளியின் நிலைக்கு ஃப்ரெகோலியின் பெயரையே வைத்தார்கள். வெறும் தையல் வேலைப்பாட்டால் அந்த அளவுக்குப் பெயர் நிலைத்திருக்காது.